தரங்கம்பாடிக் கடற்கரையும் ‘சொறி’ உயிரிகளும்: சீப்புடலியின் வகைப்பாடும் வழக்குப்பெயரும் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தஞ்சை அரசின் கடற்கரையில் டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிற்குச் சென்ற மீன்களோடு அவற்றின் தமிழ்ப் பெயர்களும் சென்றன. அவற்றுட் சில இலத்தீன் அறிவியற் பெயர்களாக இன்றும் நிலைபெற்றுள்ளன. அதே கடலில் வாழும் இழுதுடல் உயிரிகளுக்கு இவ்வாய்ப்புக் கிட்டவில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணங்களை, அதே டேனிய அரசின் கீழிருந்த கிரீன்லாந்தில் நிகழ்ந்த ஆவணப்படுத்தலோடு ஒப்பிட்டு இக்கட்டுரை ஆராய்கிறது. ‘சொறி’ என்னும் தமிழ் வழக்குச்சொல்லின் பொருட்பரப்பும், சீப்புடலி என்னும் தொகுதி வகைப்பாட்டியலில் தனித்து நின்ற வரலாறும், இன்றைய கலைச்சொல்லாக்கத்தின் சிக்கலும் இதில் இடம்பெறுகின்றன.

திறவுச் சொற்கள்: சொறி, சீப்புடலி, தரங்கம்பாடி, வகைப்பாட்டியல், வழக்குப்பெயர், கலைச்சொல்

முன்னுரை

கடலில் மிதக்கும் நிறமற்ற இழுதுடல் உயிரிகள் அனைத்தையும் ‘ஜெல்லி மீன்’ என்று அழைப்பது இன்றைய எழுத்துத் தமிழில் பெருவழக்காகிவிட்டது. இவ்வழக்கு ஆங்கிலச் சொல்லின் நேர்பெயர்ப்பாகும். இதனுள் அடங்கும் உயிரிகளோ ஒன்றுக்கொன்று உறவில் மிகத் தொலைவானவை. குடை வடிவ மெடூசாக்கள், நீல நிற மிதவையைத் தாங்கிய ஃபைசாலியா, நாணயம் போன்ற வட்டத் தட்டையுடைய போர்பிட்டா, எட்டு வரிசைச் சீப்புகளால் நீந்தும் சீப்புடலி, முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவான சால்ப்பு ஆகிய யாவும் கரையில் நிற்பவரின் கண்ணுக்கு ஒரே தன்மையனவாகத் தோன்றுகின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றுபவற்றைப் பிரித்தறிய வகைப்பாட்டியல் மேற்கொண்ட முயற்சி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் நீடித்தது. அதன் தொடக்கக் கட்டம் காவிரிப்படுகைக் கடற்கரையில் ஐரோப்பிய இயற்கையியலாளர்கள் முனைப்போடு பணியாற்றிய காலமுமாகும். ஆயினும் இவ்விரு வரலாறுகளும் சந்திக்கவில்லை. சந்திக்காமைக்குரிய காரணங்களே இங்கு ஆய்வுப்பொருள்.

இழுதுடல் உயிரிகளுள் ‘டீனோஃபோரா’ என்னும் தொகுதி இக்கட்டுரையில் மையப்பொருளாகக் கொள்ளப்பெற்றுள்ளது. பாடநூல் தமிழ் இதனைச் ‘சீப்பு ஜெல்லி’ என்பது போன்ற பெயர்ப்புகளால் சுட்டும். இங்கு ‘சீப்புடலி’ என்னும் சொல் ஆய்வு வசதிக்காக ஆளப்படுகிறது. அச்சொல்லின் பொருத்தப்பாடு பின்னர் ஆராயப்படும்.

காஞ்சொறியும் கடற்சொறியும்

தமிழகக் கடலோர வழக்கில் இழுதுடல் உயிரிக்குரிய அடிப்படைச் சொல் ‘சொறி’ என்பதாகும். சொறி மீன், கடற்சொறி, சொறிமுட்டை ஆகிய வடிவங்களும் எழுத்தில் காணப்படுகின்றன. நாளிதழ்களில் சிலபோது இது ‘சொரி’ என இடையின ரகரத்தால் அச்சாகிறது. சொரிதல் பொழிதலைக் குறிக்கும் வேறு சொல். வல்லின றகரம் பெற்ற சொறியே தினவையும் தினவால் கீறுதலையும் குறிப்பது. எழுத்துப் பிழை ஒன்று பெயரின் காரணத்தையே மறைத்துவிடுவதற்கு இது தக்க சான்று.

இப்பெயர் உயிரியின் உருவத்தையோ நிறத்தையோ சுட்டவில்லை. மனிதத் தோலில் அது விளைவிக்கும் உணர்வையே சுட்டுகிறது. தமிழில் இதே நெறியால் பெயர் பெற்ற மற்றோர் உயிர் நிலத்தில் உண்டு. வேலியோரங்களில் வளரும் காஞ்சொறி, தொட்டால் அரிப்பை உண்டாக்கும் நுண்மயிர்களை உடைய கொடி. செந்தட்டி என்றும் இது வழங்கும். ஆக, நிலத்தில் தொட்டால் தினவு தருவதும் நீரில் தொட்டால் தினவு தருவதும் ஒரே சொல்லால் இணைக்கப்பட்டுள்ளன. சொறித்தவளை என்பதில் வரும் சொறியோ வேறு. அங்கு அது தோலின் பருக்கள் நிறைந்த சொரசொரப்பைக் குறிக்கிறது. தொடுபவருக்கு நேரும் விளைவைக் குறிக்கவில்லை. இவ்விரு பொருளையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

கிரேக்க மரபில் இதற்கிணையான பெயரிடல் நிகழ்ந்துள்ளது. ‘அகலேஃபே’, ‘க்னிடே’ என்னும் சொற்கள் நிலத்துக் காஞ்சொறி போன்ற செடியையும் கடலில் வாழும் கொட்டும் உயிரியையும் ஒருங்கே குறித்தன. அரிஸ்டாட்டிலின் விலங்கியல் நூலில் இச்சொல் பெரும்பாலும் கடற்சாமந்தியைச் சுட்டும் என்பர். பின்னர் இடைக்கால இலத்தீனில் ‘கடற்காஞ்சொறி’ என்னும் பொருள்படும் தொடர் வழங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குவியே மெடூசாக்களுக்கு அளித்த ‘அகலேஃபா’ என்னும் வகுப்புப் பெயரும், இன்று நிலைத்துள்ள ‘நிடேரியா’ என்னும் தொகுதிப் பெயரும் இவ்வேர்களிலிருந்தே பிறந்தன. எனவே அறிவியலின் இறுதித் தீர்ப்பாக நிற்கும் பெயர், தமிழ்க் கடலோரத்தார் கண்ட அதே பண்பையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கிரேக்கத்தில் செடியின் பெயர் உவமையால் உயிரிக்கு ஏறியது. தமிழில் செடியும் உயிரியும் தம் விளைவிலிருந்து நேரடியாகப் பெயர் பெற்றன. ‘ஜெல்லி மீன்’ என்பது இவற்றோடு ஒப்பிடுகையில் மேம்போக்கான பெயர் என்றே சொல்லவேண்டும்.

இவ்விடத்தில் தொல்காப்பிய மரபியலின் அறிவு வகைப்பாட்டைக் கொண்டுவந்து இணைக்கும் ஆர்வம் இயல்பாக எழக்கூடும். ஓரறிவு முதல் ஆறறிவு வரையிலான அப்பகுப்பில் நந்தும் முரளும் ஈரறிவினவாகவும், நண்டும் தும்பியும் நான்கறிவினவாகவும் வைக்கப்பெற்றுள்ளன. கடல்வாழ் ஓட்டுடலிகள் இவ்வாறு இடம்பெற்றிருக்க, இழுதுடல் உயிரி பெயரளவில் இடம்பெறவில்லை. அவ்வக் கிளையைச் சேர்ந்தன பிறவும் உள என்று நூல் இடம்விட்டிருப்பதால், சொறியை ஈரறிவில் அடக்கிக் காட்டுவது உரை மரபுக்கு ஒவ்வாததன்று. ஆனால் அது உரைகாரர் பணியாகுமேயன்றி வரலாற்றுச் சான்றாகாது. புலன்வழிப் பகுப்பு, உடற்கூற்றுவழிப் பகுப்பு என இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தேடியவை. ஒன்றனைப் பிறிதொன்றின் முன்னோடியாகக் காட்டுவதால் இரண்டுமே சிறுமையடையும்.

லின்னேயஸ் முதல் ஹாட்ஷெக் வரை

கார்ல் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட இயற்கை முறைமை நூலின் பத்தாம் பதிப்பில், முதுகெலும்பற்றவற்றுள் பூச்சியினம் தவிர்ந்த யாவும் ‘வெர்மீஸ்’ அதாவது புழுக்கள் என்னும் ஒரே வகுப்பில் குவிக்கப்பட்டன. அதில் போர்பிட்டாவும் வெலெல்லாவும் ‘மெடூசா’ என்னும் பேரினத்தில் இடம்பெற்றன. ஃபைசாலியாவோ கடலட்டைகளுக்குரிய ‘ஹோலோதூரியா’ பேரினத்தில் வைக்கப்பட்டது. உயிருள்ள மாதிரிகளைக் காணாமல், பயணிகளின் குறிப்புகளையும் சிதைந்த மாதிரிகளையும் கொண்டு வகைப்படுத்துவதன் இடர்ப்பாட்டை இது காட்டுகிறது. சீப்புடலிகளின் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. பாட்ரிக் பிரவுன் 1756-இல் வெளியிட்ட ஜமைக்கா வரலாற்று நூலில் ‘பெரோ’ என்னும் பெயரை ஆண்டார். அப்பெயர் நிலைபெறும்வரை இவ்வுயிரிகள் பல பேரினங்களிடையே அலைந்தன.

மாற்றத்தை ஏற்படுத்தியவர் பால்டிக் செருமானிய மருத்துவரான யோஹான் ஃப்ரீட்ரிஷ் எஷ்ஷோல்ட்ஸ். ருசியக் கப்பலான ரூரிக்கில் 1815 முதல் 1818 வரை உலகைச் சுற்றிவந்த அவர், இழுதுடல் உயிரிகளைக் கடலிலிருந்து எடுத்த உடனேயே ஆராயும் வாய்ப்பைப் பெற்றார். 1829-இல் பெர்லினில் வெளிவந்த அவரது நூல், அகலேஃபா வகுப்பை மூன்று வரிசைகளாகப் பிரித்தது. நீந்தும் உறுப்பின் அடிப்படையில் சீப்புத்தாங்கிகளும், வட்டுடலிகளும், குழாய்த்தாங்கிகளும் தனித்தனியே நின்றன. ‘டீனோஃபோரா’ என்னும் இன்றைய பெயரின் மூலம் இதுவே. கிரேக்கத்தில் சீப்பைத் தாங்குவது என்பது அதன் பொருள்.

லியூக்கார்ட் 1847-இல் குழியுடலிகள் என்னும் பெருந்தொகுதியை நிறுவியபோது, சீப்புடலிகள் மீண்டும் மெடூசாக்களோடும் பவளங்களோடும் சேர்க்கப்பட்டன. ஒற்றைக் குழியும் ஆரச் சமச்சீரும் பொதுப்பண்புகளாகக் கொள்ளப்பட்டன. ஹாட்ஷெக் 1888-இல் நிடேரியாவையும் டீனோஃபோராவையும் தனித் தொகுதிகளாகப் பிரித்தார். பிரிப்பிற்கான அடிப்படைகளுள் தலையாயது, சொறி என்னும் பெயருக்குக் காரணமான அதே பண்பு. மெடூசாக்களின் கைகளில் சுருண்ட நூலும் நஞ்சும் கொண்ட கொட்டும் செல்கள் உள்ளன. சீப்புடலியின் கைகளில் அவை இல்லை. இரையை ஒட்டவைக்கும் பசைச் செல்களே உள்ளன. ஹேக்கெலியா என்னும் ஒரு பேரினத்தில் கொட்டும் செல்கள் காணப்படுவது நெடுநாள் குழப்பத்தை விளைவித்தது. அவை உண்ணப்பட்ட மெடூசாவிலிருந்து கவர்ந்து பதுக்கிவைக்கப்பட்டவை என்பது பின்னரே தெளிவாயிற்று.

இதன்படி, சீப்புடலியைச் சொறி என்பது அறிவியல் நோக்கில் பிழை, அது சொறிவதில்லை. இழுதால் ஆனது என்னும் பொருளில் ஜெல்லி என்பதோ பிழையன்று, ஆனால் பயனுமற்றது. மூலக்கூற்று ஆய்வுகள் இத்தொகுதியின் தனித்தன்மையை மேலும் கூர்மைப்படுத்தியுள்ளன. விலங்குலக மரத்தின் முதற்கிளையாகப் பிரிந்தது கடற்பஞ்சா, சீப்புடலியா என்னும் விவாதம் 2008-இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆய்வால் கிளர்ந்தது. 2013-இல் நெமியாப்சிஸின் மரபணுத்தொகுதியும் 2014-இல் புளூரோபிராக்கியாவின் மரபணுத்தொகுதியும் வெளியாயின. 2023-இல் குரோமோசோம்களில் மரபணுக்கள் அமைந்துள்ள வரிசையைக் கொண்டு நிகழ்த்தப்பெற்ற ஆய்வு சீப்புடலியே முதற்கிளை என்னும் கருத்தை வலுப்படுத்தியது. விவாதம் முற்றிலும் ஓய்ந்துவிட்டதாகக் கூறவியலாது.

தரங்கம்பாடியிலிருந்து சென்ற பெயர்கள்

தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு 1620-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்வழித் தரங்கம்பாடி டேனியர் வசமாயிற்று. 1706-இல் சீகன்பால்குவும் புளுட்சோவும் வந்திறங்கியதோடு அங்குச் சமயப்பணி தொடங்கிற்று. அப்பணியின் அச்சு, மொழி, கல்விப் பங்களிப்புகள் தமிழாய்வில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. இயற்கையியற் பங்களிப்பு அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பப்பெற்ற இயற்கைப் பொருள்களைச் செருமனியின் ஹால்லே நகரிலுள்ள ஃப்ராங்கே நிறுவனங்களின் காட்சியறை இன்றும் பேணிவருகிறது.

லின்னேயஸின் நேர்மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். மருத்துவராக வந்த அவரது நாட்டம் தாவரங்களின்மீதே சென்றது. 1785-இல் அவர் மறைந்தபின் கையெழுத்துப் படிகள் இலண்டனில் ஜோசப் பேங்க்ஸிடம் சேர்ந்தன. 1771-இல் வந்து 1813-இல் மறையும்வரை அங்கேயே பணியாற்றிய கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், கடல்சார் உயிரிகளில் பேரார்வம் உடையவர். அவர் அனுப்பிய மீன்களே பெர்லின் மருத்துவர் மார்க்கஸ் எலியேசர் பிளாக் 1782 முதல் 1795 வரை வெளியிட்ட மீனியல் பெருநூலின் இந்தியப் பகுதிக்குக் கருவூலமாயின.

ஜான் மீன்களை மட்டும் அனுப்பவில்லை. அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் எழுதி அனுப்பினார். பிளாக் 1793-இல் ஒரு பேரினத்திற்கு ஜானின் பெயரால் ‘ஜோனியஸ்’ எனப் பெயரிட்டார். நம் மீனவர் கத்தாளை என்பது இப்பேரினத்தைச் சார்ந்தது. அதன் ஓரினம் ‘ஜோனியஸ் கருட்டா’. கறுத்த கத்தாளை என்னும் தமிழ்த் தொடரின் முதற்சொல்லே ஐரோப்பிய நாவில் திரிந்து இலத்தீன் சிற்றினப் பெயராயிற்று. அந்த மாதிரிகள் சில இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. நெல்வயல்களிலும் குளங்களிலும் வாழும் பனையேறி மற்றொரு சான்று. டேனியப் படையலுவலர் டால்டார்ஃப் 1791-இல் தரங்கம்பாடியருகே பனைமரத்தில் இம்மீன் ஏறக் கண்டதாக எழுதிய குறிப்பு, 1797-இல் இலண்டன் லின்னேயச் சங்க வெளியீட்டில் இடம்பெற்றது. அதன் தமிழ்ப் பெயரையும் பெயர்க்காரணத்தையும் ஜான் பிளாக்கிற்குத் தெரிவித்தார். மீன் மெய்யாகவே பனை ஏறுமா என்னும் ஐயம் பின்வந்தோரால் பன்முறை எழுப்பப்பட்டது. அது வேறு கதை. தமிழ்ப் பெயர் ஐரோப்பிய அறிவுலகில் ஒரு வாதத்தைத் தொடங்கிவைத்தது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சங்குகளும் சிப்பிகளும் இதே வழியில் கோபன்ஹேகனில் கெம்னிட்ஸின் கைக்குச் சென்றன. ஆக, தரங்கம்பாடியிலிருந்து வெளியேறிய உயிரிகளில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. அவை அனைத்தும் உலர்த்தவோ சாராயத்தில் இடவோ இயன்றவை. மீனின் தோலும் செதிலும் எஞ்சும். சங்கு அப்படியே எஞ்சும். பூச்சி ஊசியில் எஞ்சும். சொறியோ தன் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கிற்கும் மேல் நீரால் ஆனது. வெயிலில் வைத்தால் படலமாகிறது. சாராயத்தில் இட்டால் சுருங்கி உருவிழக்கிறது. சீப்புடலிகளுட் பல, இன்றைய ஆய்வகங்களின் பதப்படுத்து திரவங்களில்கூடச் சிதைந்துபோகின்றன. மாதக்கணக்கில் கப்பலேறிச் செல்லவேண்டிய பொருளாக அது இருந்திருக்க முடியாது.

கரையின் பொருளியலும் இதற்குத் துணைநின்றது. கத்தாளை சந்தைக்கு வரும். அதனால் அதற்குக் கறுத்தது, வெளுத்தது எனப் பெயர்ப் பிரிவுகள் வேண்டும். சொறி வலையில் சிக்கினால் கழித்துக்கட்டப்படுவது. உப்பும் படிகாரமும் இட்டுப் பதப்படுத்திச் சீனத்திற்கும் சப்பானுக்கும் ஏற்றுமதி செய்யும் வாணிகம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இந்தியக் கிழக்குக் கரைக்கு வந்தது. உண்ணப்படாததும் விற்கப்படாததுமான உயிரியை ஒரு பாதிரியாரின் மேசைக்குக் கொண்டுவர மீனவருக்கு என்ன தேவை இருந்திருக்கும்?

கிரீன்லாந்தில் மற்றொரு ஃபாப்ரிசியஸ்

மேற்கூறிய காரணங்கள் மட்டுமே போதுமானவையாயின், அக்காலத்தில் எங்கும் சீப்புடலிகள் பெயர் பெற்றிருக்கலாகாது. ஆனால் பெற்றன, அதுவும் இதே டேனிய முடியாட்சியின் மற்றொரு சமயப்பணி நிலையத்தில். கோனிக் தரங்கம்பாடிக்கு வந்த அதே 1768-இல், ஒட்டோ ஃபாப்ரிசியஸ் என்னும் இளம் மறைபணியாளர் கிரீன்லாந்தின் மேற்குக் கரைக்குச் சென்றார். தமிழ் அகராதி தொகுத்த யோஹான் பிலிப் ஃபாப்ரிசியஸ் வேறு, இவர் வேறு. 1773 வரை அங்கு வாழ்ந்த ஒட்டோ ஃபாப்ரிசியஸ், கிரீன்லாந்தியர் மொழியைக் கற்றதோடு அவர்களது தோற்படகில் சென்று கடல்நாய் வேட்டையாடவும் பழகினார். 1780-இல் வெளிவந்த அவரது ‘ஃபவ்னா குரோன்லாண்டிகா’ என்னும் நூல், விலங்குகளின் அறிவியற் பெயரோடு உள்ளூர் வழக்குப்பெயரையும் தருவதாகத் தலைப்பிலேயே அறிவித்தது. சீப்புடலிகளுள் ‘பெரோ குக்குமிஸ்’, இன்று ‘மெர்டென்சியா ஓவம்’ எனப்படுவது ஆகிய இரண்டும் அந்நூலின்வழியே அறிவியலுக்கு வந்தன. வெள்ளரிக்காயும் முட்டையும் முறையே அச்சிற்றினப் பெயர்களின் பொருள்.

கிரீன்லாந்திற்கும் தரங்கம்பாடிக்கும் சமயப்பணி மேற்பார்வை கோபன்ஹேகனிலேயே இருந்தது. அரசர் ஒருவரே, காலமும் ஒன்றே. தரங்கம்பாடியில் இருந்தவர்கள் அறிவிலோ ஆர்வத்திலோ குறைந்தவர்களல்லர். வேறுபாடு பணிமுறையில் இருந்தது. ஃபாப்ரிசியஸ் தாம் கண்ட உயிரியைத் தாமே விவரித்தார். மாதிரி ஊர் சேரவேண்டிய கட்டாயம் அவருக்கில்லை. குறிப்பு ஊர் சேர்ந்தால் போதும். ஜானோ தரங்கம்பாடியில் இருந்து திரட்டினார். பிளாக் பெர்லினில் இருந்து விவரித்தார். தமிழகக் கரையை ஒருபோதும் காணாத பிளாக்கின் மேசைவரை தாக்குப்பிடிக்கும் உடலுடைய உயிரிக்கே இப்பணிப்பகிர்வில் இடமுண்டு. எனவே சொறி விடுபட்டமைக்கு வெப்பநாட்டின் காலநிலையைவிட, திரட்டுவோர் ஓரிடத்திலும் விவரிப்போர் மற்றோரிடத்திலும் இருந்த அறிவுசார் ஏற்பாடே முதன்மைக் காரணம் எனலாம். எஷ்ஷோல்ட்ஸின் வெற்றியும் இம்முடிவை அரண்செய்கிறது. அவரும் கப்பலின் மேல்தளத்திலேயே விவரித்தவர்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) ஓவியர்களைக் கொண்டு தாவரங்களையும் பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். அங்கு உயிரிக்கு முன்னே அமர்ந்து வரையும் மரபு இருந்தது. சீப்புடலிக்குப் பொருத்தமான ஆவணமுறை உண்மையில் இதுவே. ஒளிபட்டால் வானவில் நிறங்கள் ஓடும் அதன் எட்டு வரிசைகளைத் தஞ்சை ஓவியர் ஒருவர் தீட்டியிருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது. அரண்மனையோ கடலிலிருந்து தொலைவில் இருந்தது. ஒரு பகற்பொழுதைத் தாண்டாத உடல் அங்கு வந்துசேர வழியில்லை.

குருசடைத் தீவும் சீப்பில்லாச் சீப்புடலியும்

விவரிப்போர் இக்கடற்கரைக்கே வந்து சேர்ந்தபோது நிலைமை மாறிற்று. ஹெர்ட்மன் 1902-இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு ஆய்வின்போது திரட்டியவற்றைக் கொண்டு, மெடூசாக்களையும் சீப்புடலிகளையும் பற்றி எட்வர்ட் பிரவுன் எழுதிய அறிக்கை 1905-இல் வெளிவந்தது. பாம்பனை அடுத்த குருசடைத் தீவின் கரைவாழ் உயிரிகளைப் பற்றிய சென்னை அருங்காட்சியக வெளியீடு 1927-இல் வந்தது. எம்.ஜி.கே. மேனன் 1930-இல் சென்னைக் கரையின் மெடூசாக்களைப் பதிவுசெய்தார். சீப்புடலியைப் பொறுத்தவரை குறிப்பிடத்தக்க நிகழ்வு 1942-இல் நேர்ந்தது. குருசடைத் தீவிலிருந்து சீலோபிளானா பேரினத்தின் மூன்று புதிய இனங்களைத் தேவநேசனும் வரதராசனும் விவரித்தனர். அவற்றுள் ஒன்று ‘குருசடியென்சிஸ்’, மற்றொன்று ‘இண்டிகா’, மூன்றாவது ‘டாட்டர்சாலி’.

இவ்வினங்கள் பெயரிடல் வரலாற்றில் ஒரு முரணைக் கொண்டுள்ளன. சீலோபிளானா வளர்ந்த நிலையில் மிதப்பதில்லை. தட்டையான உடலோடு பவளங்கள், பாசிகள் போன்றவற்றின்மீது ஊர்ந்து வாழ்கிறது. இளம்பருவத்தில் இருக்கும் சீப்பு வரிசைகளை முதிர்ந்தபின் இழந்துவிடுகிறது. அதாவது, தமிழக ஊர்ப்பெயரை அறிவியற் பெயராகத் தாங்கிய சீப்புடலியிடம் சீப்பு இல்லை, அது சொறிவதுமில்லை, குடை போன்ற உருவமுமில்லை. உருவத்தைக் கொண்டு சூட்டிய ‘சீப்பு’, உணர்வைக் கொண்டு சூட்டிய ‘சொறி’, பொருளைக் கொண்டு சூட்டிய ‘ஜெல்லி’ என எந்நெறியும் இதனிடம் முழுமையாகச் செல்லுபடியாகவில்லை. ஊர்ப்பெயர் ஒன்றே ஒட்டி நிற்கிறது. தரங்கம்பாடிக் கத்தாளைக்கு வழக்குப்பெயர் இலத்தீனாயிற்று. குருசடைச் சீப்புடலிக்கு இடப்பெயர் இலத்தீனாயிற்று. நூற்றைம்பது ஆண்டு இடைவெளியில், உள்ளூர் மொழி வழங்கிய அறிவு பெயரிடலிலிருந்து விலகி, உள்ளூர் என்னும் இடக்குறிப்பு மட்டும் எஞ்சியமையை இவ்விரு பெயர்களும் காட்டுகின்றன.

கலைச்சொல்லும் கரைச்சொல்லும்

தமிழ்க் கலைச்சொல்லாக்கத்தில் காவிரிப்படுகைக்குச் சிறப்பிடம் உண்டு. 1981-இல் தஞ்சாவூரில் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தையும் அறிவியல் களஞ்சியத்தையும் தொகுதி தொகுதியாக வெளியிட்டது. அதற்கு முன்னரே பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்ட கலைக்களஞ்சியம் 1954 தொடங்கி வெளிவந்தது. இம்முயற்சிகளால் குழியுடலிகள் போன்ற செவ்விய சொற்கள் நிலைபெற்றன. இழுதுமீன் என்பதும் இத்தகைய நல்லாக்கமே. வெண்ணெய், நெய், நிணம் முதலியவற்றைக் குறித்த பழஞ்சொல்லான ‘இழுது’ இதனால் மீட்கப்பட்டது. இருப்பினும் இழுதுமீனும் ஜெல்லி மீனும் ஒரே நெறியின, ஒன்று தமிழ், மற்றது கடன் என்பதே வேறுபாடு. இரண்டும் பொருளைச் சொல்கின்றன. தொடாதே என்று சொல்லவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. வேளாங்கண்ணி, பூம்புகார், தரங்கம்பாடி ஆகிய கரைகளுக்கு உள்நாட்டிலிருந்து வருவோர் கடலுக்குப் பழகாதவர்கள். வடகிழக்குப் பருவக்காற்று கரைநோக்கி வீசும் காலத்தில் மிதவை உயிரிகள் ஒதுங்குவது இயல்பு. ‘ஜெல்லி மீன் ஒதுங்கியுள்ளது’ என்னும் அறிவிப்பைப் படிக்கும் குழந்தை அதனைக் கையில் எடுத்துப் பார்க்க விரும்பும். ‘சொறி ஒதுங்கியுள்ளது’ என்றால் பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஃபைசாலியா கரையில் ஒதுங்கிக் காய்ந்தபின்னும் கொட்டவல்லது. 2023 திசம்பரில் மிக்ஜாம் புயலையடுத்துச் சென்னை பெசன்ட் நகர்க் கரையில் ஒதுங்கிய கிளாக்கஸ் என்னும் கடல் நத்தையை இதழ்கள் ‘நீல டிராகன்’ என்றே எழுதின. ஃபைசாலியாவையும் போர்பிட்டாவையும் உண்டு அவற்றின் கொட்டும் செல்களைத் தன்னுடலில் சேமிப்பது அது. அழகிய பெயர், ஆயினும் தொட்டால் என்னாகும் என்பதை அப்பெயரிலிருந்து அறியவியலாது.

எனவே சொறி என்னும் சொல்லை நிடேரியாவைச் சார்ந்த மிதவை உயிரிகளுக்கு உரியதாக வரையறுத்துப் பாடநூல்களிலும் அறிவிப்புகளிலும் ஆள்வது தக்கது. அடைமொழிகளால் அதனை விரிக்கவும் இயலும். ஃபைசாலியா நெடுங்காலம் ஒரே இனமாகக் கருதப்பட்டு, 2025-இல் வெளியான மரபணு ஆய்வால் நான்கு இனங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இத்தகைய மாற்றங்கள் தொடரும். அதனால் வழக்குப்பெயரை ஒவ்வோர் இனத்திற்கும் தனித்தனியே சூட்ட முயல்வதைவிட, பண்பு சுட்டும் பொதுப்பெயராகவே வைத்திருத்தல் நன்று.

சீப்புடலியின் நிலை வேறு. இங்குப் பிற மொழியினர் செய்தது நோக்கத்தக்கது. செருமானியரும் டேனியரும் அவ்வரிசைகளை விலா எலும்புகளாகக் கண்டு ‘விலாச் சொறி’ என்னும் பொருள்படப் பெயரிட்டனர். டச்சுக்காரர் அவற்றுள் சிறியதொன்றைக் ‘கடல் திராட்சை’ என்றனர். ஆங்கிலேயர் தம் தோட்டத்துப் புளிப்புக் கனியின் பெயரை இதற்கும், அக்ரூட்டின் பெயரை இதன் உறவினத்திற்கும் இட்டனர். ஒவ்வொருவரும் தத்தம் நிலத்துக் காயையும் கனியையும் கடலில் கண்டுள்ளனர். அக்ரூட்டைத் தமிழில் பெயர்த்து மாணவருக்குக் கற்பிப்பதால், அவர் காணாத கடலுயிரியைக் காணாத கொட்டையால் விளக்கும் நிலை ஏற்படுகிறது. மாறாக ‘கடல் நெல்லி’ என்னும் ஆக்கம் கருதத்தக்கது. ஆங்கிலப் பெயரிலுள்ள கனி நம் நெல்லியன்று; பெயர்ப்பில் நேரும் பிறழ்ச்சி அது. ஆனால் பிறழ்ச்சி இவ்விடத்து நன்மையாயிற்று. வெளிறிய பச்சையில் ஒளி ஊடுருவுவது போலத் தோன்றும் நெல்லிக்காயின்மேல் காம்பிலிருந்து அடிவரை கோடுகள் ஓடுகின்றன. புளூரோபிராக்கியாவின் உருண்டை உடலில் துருவத்திலிருந்து துருவம்வரை சீப்பு வரிசைகள் ஓடுகின்றன. நெல்லியில் ஆறு, இதில் எட்டு.

தொகுதிப் பெயராகச் சீப்புடலியையும், உருண்டை வடிவினவற்றிற்கு வழக்குப்பெயராகக் கடல் நெல்லியையும் கொள்ளலாம். காவிரிப்படுகையில் சீப்பு என்றதும் வாழைச்சீப்பே முதலில் நினைவுக்கு வரும் என்று மறுக்கக்கூடும். அம்மறுப்பு வலுவுடையதன்று. அடுக்கடுக்காக ஒன்றன்மேலொன்று சாய்ந்திருக்கும் அத்தகடுகளைக் கண்டவர்க்கு, தலைவாரும் சீப்பைவிட வாழைச்சீப்பே பொருத்தமான உவமையாகத் தோன்றும். சீலோபிளானாவுக்கு இவ்விரண்டும் ஒவ்வா. அதற்குத் தேவநேசனும் வரதராசனும் சூட்டிய ஊர்ப்பெயரையே தமிழாக்கிக் ‘குருசடை ஊர்வி’ எனலாம்.

இத்தகைய ஆக்கங்களுக்கு முன்னர்ச் செய்யவேண்டிய பணி ஒன்றுண்டு. பழையாற்றிலிருந்து கோடியக்கரை வரையிலும், அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் வரையிலும் உள்ள மீனவர் ஊர்களில் சொறிக்கு வழங்கும் அடைமொழிகளைப் பருவந்தோறும், உயிரியைக் கண்முன் வைத்தே திரட்டவேண்டும். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் உயராய்வு மையம் இக்கரைக்கு மிக அண்மையில் உள்ளது. தமிழ்ப் பல்கலைக்கழகத்திலிருந்து தரங்கம்பாடி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். உயிரியலாளரும் மொழியியலாளரும் ஒரே வலையிழுப்பில் உடனிருந்தால், ஜான் கத்தாளைக்குச் செய்ததைச் சொறிக்கும் செய்யலாம். மாதிரியைப் பெர்லினுக்கு அனுப்பவேண்டிய தேவை இப்போது இல்லை.